பொட்டு வைத்த கேபிள்

"ஊது."

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும்போதே இறால் கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்க்கிற ஜெனிஷாவுக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பீலிங் ஷெட் வாசலுக்குப் போனாள். இறால் உரிக்கிற பெண்கள் தட்டுகளை அப்படியே போட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றிருந்தார்கள். நடுவில் குளிரறை ஆபரேட்டர் கண்ணையன். அவர் வாய்க்கு நேராக மூக்கை நீட்டிக்கொண்டு எதிரே மேலாளர் சிவபாலன்.

"ஊதுய்யான்னா ஊத வேண்டியதுதானே? முக்குக்கு முக்கு கடை தெறந்து வச்சிருக்குற ஊரு. எனக்குத் தெரியாதாக்கும்?"

கண்ணையன் ஊதினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஒரு காலத்தில் விசைப்படகு ஓட்டியவர், இடுப்பு விட்டுப்போனதால் கரைக்கு வந்தவர். ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசினால் நாலு பேர் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். அவர் உதட்டைக் குவித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஊதினார். சிவபாலன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நாளாயிடுச்சுல்ல, வாடை போயிருக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை குடித்ததைத் திங்கட்கிழமை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற மூக்கு இந்த உலகத்தில் எவனுக்கும் கிடையாது. அது சிவபாலனுக்கும் தெரியும். இத்தனை பெண்கள் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் ஊதச் சொன்னார். ஜெனிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னக்கா நடந்துச்சு?" என்று பக்கத்தில் நின்ற பூங்கொடியைக் கேட்டாள்.

பூங்கொடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். வியாழக்கிழமை ஆயுத பூஜை. பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, மத்தியானத்தோடு எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஞாயிறு வரைக்கும் விடுமுறை. குளிரறைக்கு ஏது விடுமுறை? மாற்று ஆள் ஊருக்குப் போய்விட்டதால் சாயங்காலத்திலிருந்து கண்ணையன் தனியாகக் காவல் இருந்தார். நடுவில் கரண்டு போய் வந்ததில் இரண்டாம் நம்பர் அறையின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. உள்ளே கப்பலுக்குப் போகக் காத்திருந்த கணவாய். கம்ப்ரஸர் நின்றால் சைரன் அலற வேண்டும், போனில் மணி அடிக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை விடிய, கதவுக்கு அடியில் தண்ணீர் கசிவதைக் கண்டு கண்ணையனே மேலாளருக்குப் போன் போட்டிருக்கிறார். சரக்கு இளகிப்போய்க் குப்பைக்குப் போனது.

"இவரு குடிச்சிட்டுத் தூங்கிட்டாருன்னு மேனேஜரு சொல்றாரு. தூங்குனது தெரியக் கூடாதுன்னு கேமராவயும் அணைச்சு வச்சாராம். மத்தியானம் மொதலாளியம்மா வருது. வேலைய விட்டு நீக்கி, போலீஸ்லயும் எழுதிக் குடுக்கப் போறாங்களாம்."

"ஸ்கிரீன்ல மைனஸ் இருபதுன்னுதாங்க இருந்துச்சு," என்றார் கண்ணையன். எத்தனையாவது தடவையோ. "கதவத் தெறந்தா குளுரு போவும், ஸ்கிரீனப் பாருன்னு நீங்கதானே சார் சொல்லியிருக்கீங்க?"

"மெசின் நின்னது கூடவா காதுல விழல?"

"நாலு ஓடுற எடத்துல ஒண்ணு நின்னா எப்படிங்க தெரியும்?"

"பேசாத. மைனஸ் இருபதுல கணவா இளகுமா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்." அப்போதுதான் சிவபாலன் வாசலில் நின்ற ஜெனிஷாவைப் பார்த்தார். "நீ என்ன வேடிக்க பாக்குற? நெட்டு படுத்துக் கெடக்குன்னு நேத்தே போன் பண்ணேன்ல? மேல போ."

நெட்டு படுத்துக் கிடக்கிறது. எண் அசையவில்லை. கேமரா பதியவில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்க்க எந்தப் படிப்பும் வேண்டாம், மனசு இருந்தால் போதும். ஜெனிஷா அவரிடமிருந்து அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டு இரும்புப் படியில் ஏறினாள்.

பீலிங் ஷெட்டுக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் சின்ன அறை. அதற்குள் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அதற்குள்தான் நெட்வொர்க் ஸ்விட்ச். கேமரா, கம்ப்யூட்டர், குளிரறைக் கருவிகள், வாசலில் லாரி எடைபோடுகிற மேடை என்று கம்பெனியில் இருக்கிற எல்லாவற்றின் கேபிளும் வந்து சேருகிற பெட்டி. யாருக்கு எது போக வேண்டுமோ அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. வழக்கமாக அதன் விளக்குகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மினுக்கும். இன்றைக்கு அத்தனையும் ஒரே சமயத்தில் வெறிபிடித்ததுபோல அடித்துக்கொண்டன. அலமாரிக்குப் பூஜை போட்டிருந்தார்கள். கதவில் சந்தனம், பெட்டியின் நெற்றியில் சந்தனம், மேலே காய்ந்த சாமந்தி, காற்றுத் துளையில் இரண்டு பொரி.

பூஜைக்கு முதல் நாள்தான் சிவபாலன் அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கினார். "நீ நாளைக்கு லீவு எடுத்துக்கம்மா. ஒங்க அம்மாவ வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போகணும்னியே. பூஜைய நான் பாத்துக்கறேன்." ஜெனிஷாவும் நல்ல மனுஷன்தான் என்று நினைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டாள். கோவில்பத்திலிருந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போய், மெழுகுவர்த்தி ஏற்றி, அவருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு வந்தாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

கீழ் வரிசையில் ஒரு நீலக் கேபிள். ஒரு முனை ஒன்பதாவது துளையில் இருந்தது. அது எப்போதும் அங்கே இருப்பதுதான். சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு முனையைச் செருகி, மறு முனையைத் தொங்கவிட்டிருப்பாள். இப்போது தொங்கவில்லை. மறு முனையும் அதே பெட்டியின் பத்தாவது துளையில் இருந்தது. அந்த முனையின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவே குங்குமம். பொட்டு பாதி கேபிளின் தலையிலும் பாதி பெட்டியின் மேலுமாக, கீறல் விழாமல் ஒரே வட்டமாக இருந்தது.

ஜெனிஷா மண்டியிட்டு அந்தப் பொட்டைக் கிட்டத்தில் பார்த்தாள்.

ஒரே பெட்டியில் ஒரு கேபிளின் இரண்டு முனையையும் செருகினால், ஒரு வாயால் விட்ட செய்தி மறு வாயால் திரும்பி வரும். வந்ததைப் புதுச் செய்தி என்று நினைத்து அது எல்லோருக்கும் மறுபடி அனுப்பும். அதுவும் திரும்பி வரும். மீன் ஏலத்தில் ஒருவன் சொன்ன விலையை அத்தனை பேரும் விடாமல் திருப்பித் திருப்பிக் கத்தினால் அடுத்த விலை எவன் காதில் விழும்? கம்ப்ரஸர் நின்ற சேதி கிளம்பியிருக்கும். இந்தக் கூச்சலில் கண்ணையனிடம் வந்து சேர்ந்திருக்காது. சேதி வராவிட்டால் அந்தத் திரை 'தெரியவில்லை' என்று சொல்லாது. கடைசியாகத் தெரிந்த எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கும்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். பூஜை அன்றைக்கு ஒரு கேபிள் அநாதையாகத் தொங்கினால் அழகாக இருக்காது என்று மனுஷன் அதற்கும் ஓர் இடம் பார்த்துச் செருகியிருக்கிறார். செருகிப் பொட்டும் வைத்திருக்கிறார்.

முனையைப் பிடுங்கினாள். விளக்குகள் ஒருதரம் அடங்கி, பிறகு அதது அதன் போக்கில் மினுக்கத் தொடங்கின. போனில் குளிரறை எண்கள் அசைந்தன. கேமராக்கள் கண் விழித்தன. எழுந்து கீழே ஓடி, "சார், இங்க பாருங்க!" என்று கத்த வேண்டும் என்றுதான் கால் துடித்தது. கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

ஏனென்றால் அந்த ஸ்விட்ச் இவ்வளவு ஏமாளி கிடையாது. கேபிள் சுற்றி வந்தால் கண்டுபிடித்து அந்தத் துளையைத் தானே மூடிக்கொள்ளும். தெரியாத பெட்டியை யாராவது கொண்டுவந்து செருகினாலும் மூடிக்கொள்ளும். அந்தக் காவலைப் போட்டவள் ஜெனிஷா. எடுத்தவளும் ஜெனிஷா.

சித்திரையில் சிவபாலன் தன் அறைக்கு வீட்டிலிருந்து ஒரு வைஃபை பெட்டி கொண்டுவந்து செருகினார். துளை மூடிக்கொண்டது. மறுபடி செருகினார், மறுபடி மூடிக்கொண்டது. "என் ரூம்ல எனக்கே பூட்டா? எடுத்துவிடு," என்றார். வெளியாள் யாரும் இப்படியே செருகிவிடலாம் சார், கம்பெனிக்குள்ளே நேரே வந்துவிடலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "ஆமா, அமெரிக்காக்காரன் ஒன் எறாலத் திருட வர்றான். சொன்னதச் செய்யி," என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அவருடைய ஒரு துளைக்கு மட்டும் எடுத்திருக்கலாம். அன்றைக்கு வந்த கோபத்தில் ஜெனிஷா மொத்தப் பெட்டிக்கும் எடுத்துத் தொலைத்தாள். இந்தா, திறந்தே கிடக்கட்டும், எவன் வேண்டுமானாலும் வரட்டும் என்று. எவனும் வரவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு இவர்தான் வந்தார்.

இப்போது கேபிள் கையில் இருக்கிறது. பையில் போட்டுக்கொண்டு, பொட்டைத் துடைத்துவிட்டு, 'சரி பண்ணிட்டேன் சார்' என்று இறங்கினால் கதை முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் வேலை நிலைக்கும், வீட்டுக் கடன் தவணை நிற்காமல் ஓடும். கண்ணையன் போவார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கீழே பெண்கள் மறுபடி உரிக்கத் தொடங்கிய சத்தம் கேட்டது. யாரும் பேசிக்கொள்ளவில்லை. எப்போதும் கத்திச் சத்தத்தை விடப் பேச்சுச் சத்தம்தான் அதிகமாக இருக்கும். கண்ணையன் உதட்டைக் குவித்தது அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. பொட்டின் மேல் விரல் படாமல் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டு, முதலாளியம்மா வரட்டும் என்று அங்கேயே உட்கார்ந்தாள்.

முதலாளியம்மா தையல்நாயகி கார் கதவை அறைந்து சாத்தியதிலேயே அவர் கோபம் தெரிந்தது. நேராக ஷெட்டுக்கு வந்து, உட்காராமல், "சுருக்கமா சொல்லுங்க," என்றார். சிவபாலன் சுருக்கமாகச் சொன்னார். குடி, தூக்கம், அணைத்த கேமரா.

"கண்ணையா, நீ என்ன சொல்ற?"

"ஸ்கிரீன்ல மைனஸ் இருபதுன்னு இருந்துச்சும்மா."

"அதையே சொல்லாத."

"வேற எத சொல்றது? அதானேம்மா இருந்துச்சு?" என்றார் கண்ணையன்.

ஜெனிஷா முன்னால் வந்தாள். "அவரு சொல்றது நெஜம்மா. காட்டுறேன். ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

"நீ நெட்டு வேலயப் பாரும்மா," என்றார் சிவபாலன்.

"அதத்தான் சார் பாக்குறேன். கண்ணையண்ணே, ரெண்டாம் நம்பர் காலியாத்தானே ஓடுது? கதவ முழுசாத் தெறங்க. தெறந்துட்டு அங்கயே நில்லுங்க. பூங்கொடியக்கா, அண்ணன் பாக்குற செவுத்து டிவியில ரெண்டாம் நம்பர் என்ன காட்டுதோ அதச் சத்தமாப் படிச்சிட்டே இருங்க. நான் மேல போறேன்."

தையல்நாயகி குளிரறைக் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றார். கண்ணையன் கதவின் நெம்புகோலை இழுத்தார். வெள்ளைப் புகை தரையோடு உருண்டு வந்தது.

மாடியில் அலமாரி முன்னால் மண்டியிட்டபோது கீழேயிருந்து பூங்கொடியின் குரல் கேட்டது. "மைனஸ் பதினெட்டு... பதினேழு... பதினாறு..." கூடவே மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "பதினஞ்சு... பதினாலு..." ஜெனிஷா நீலக் கேபிளைப் பொட்டு ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பத்தாவது துளையில் செருகினாள். விளக்குகளுக்கு மறுபடி வெறி பிடித்தது.

"பதிமூணு... பதிமூணு." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பதிமூணு." பிறகு பூங்கொடி மட்டும், தயங்கித் தயங்கி, "பதிமூணுலயே நிக்கிது," என்றாள்.

ஜெனிஷா அவசரப்படாமல் இறங்கி வந்தாள். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. புகை அடங்கி, உள்ளே கூரைக் குழாயில் உறைந்திருந்த பனி சொட்டத் தொடங்கியிருந்தது. டிவி மைனஸ் பதின்மூன்று என்று சாதித்துக்கொண்டிருந்தது. தையல்நாயகி கதவுக்குள் கையை நீட்டிப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடி கையை நீட்டிப் பார்த்தார்.

"இதத்தாம்மா அண்ணனும் பாத்துட்டு இருந்தாரு. கதவும் சாத்தியிருந்துச்சு. தொட்டுப் பாக்கக் கூடாதுன்னு உத்தரவு வேற. கேமராவ அவரு அணைச்சாருங்கறீங்களே சார், பதிவப் பாத்தேன், கேமரா வியாழக்கெழம மத்தியானமே நின்னுடுச்சு. அண்ணன் வேலைக்கு வந்ததே சாயங்காலம்."

"யாரு இதப் பண்ணது?" என்றார் தையல்நாயகி.

"மேல வந்து பாருங்கம்மா. கேபிளச் செருகி, செருகுன எடத்துல பொட்டும் வச்சிருக்காங்க. சாவி யார்கிட்ட இருந்துச்சு, பொட்டு யாரு வச்சாங்கன்னு இங்க உள்ள எல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். சந்தனக் கிண்ணத்தை வேறு யார் கையிலும் கொடுக்காமல், ஒவ்வொரு மெஷினுக்கும் தானே பொட்டு வைத்ததை சிவபாலன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். இந்தப் பெண்கள் எல்லோரும் அதற்குக் கும்பிடு போட்டிருந்தார்கள்.

சிவபாலன் தையல்நாயகி பக்கம் திரும்பினார். "தொங்கிட்டுக் கெடந்துச்சும்மா. பூஜ நேரத்துல அசிங்கமா இருக்கேன்னு எடுத்துச் செருகினேன். சாமி காரியமா நெனச்சு பண்ணது. அது குத்தமா?"

"செருகுனது குத்தமில்ல சார்," என்றாள் ஜெனிஷா. குரல் அவளையும் மீறி ஏறியது. "தெரியாமப் பண்ணீங்க. ஆனா ஒரு மனுஷன நடுவுல நிக்கவச்சு ஊதச் சொன்னீங்களே, அதத் தெரிஞ்சுதானே பண்ணீங்க? நெட்டு என்னைக்கு நின்னுச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? வாயில்லாத ஆளு கெடச்சா பழியத் தூக்கிப் போட்டுடறதா?"

சிவபாலனுக்கு அப்போதுதான் பிடி கிடைத்தது. "அம்மா, இவளக் கேளுங்க. அப்படிச் செருகுனா தானா மூடிக்கும்னு இவதான் முன்னாடி பெருமையாச் சொன்னா. இப்ப ஏன் மூடல? கேளுங்க!"

எல்லோரும் ஜெனிஷாவைப் பார்த்தார்கள். தையல்நாயகியும் பார்த்தார்.

"நான்தாம்மா எடுத்துவிட்டேன்," என்றாள். "சாரு ரூமுக்கு வைஃபை வேணும்னு சத்தம் போட்டாரு. அவருது ஒண்ண மட்டும் எடுத்திருக்கணும். கோவத்துல எல்லாத்தையும் எடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. நான் எடுக்கலன்னா இந்தச் சரக்கு நாறியிருக்காது."

தையல்நாயகி இறால் மேசையின் விளிம்பைப் பிடித்தார். பிறகு, "ரெண்டு பேருக்கும் அப்பறம் இருக்கு," என்றார். "கண்ணையா, நீ நாளைலேர்ந்து வழக்கம்போல வா. டெக்னிக்கல் ஃபால்ட்டுன்னு எழுதிக்குவோம். போங்க, எல்லாரும் வேலயப் பாருங்க."

அவ்வளவுதான். டெக்னிக்கல் ஃபால்ட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் கிடைத்துவிட்டது. காலையில் நடந்ததற்கு எந்தப் பேரும் இல்லை. அதைக் கேட்டுவிட வேண்டும் என்று ஜெனிஷாவுக்கு இருந்தது. ஆனால் இனி அவள் எந்த வாயால் பேசுவது?

பெண்கள் வேலைக்குத் திரும்பவில்லை. பூங்கொடி தட்டைத் தொடாமல் கைகட்டி நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள்.

கண்ணையன் குளிரறைக் கதவை இழுத்துச் சாத்தினார். நெம்புகோலை இறக்கிவிட்டு நிதானமாக நடந்து வந்து, காலையில் தான் நின்ற அதே இடத்தில் நின்றார். இந்தத் தடவை சிவபாலனின் வாய்க்கு நேராக அவர் முகம் இருந்தது.

"ஊதுங்க சார்," என்றார்.

"என்னய்யா இது? அம்மா, பாருங்கம்மா..."

தையல்நாயகி வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "ஊதிட்டு வேலயப் பாருங்க சிவபாலன்," என்றார்.

சிவபாலன் ஊதினார். பொசுக்கென்று ஒரு மூச்சு. கண்ணையன் கண்ணை மூடி, அவசரப்படாமல் மோந்து பார்த்துவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பினார்.

"குடிக்கல," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நல்ல நெதானத்துலதான் பண்ணியிருக்காரு."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மற்ற யாரும் சிரிக்கவில்லை. ஜெனிஷா அவர் கையைப் பிடிக்கப் போனாள். "அண்ணே, என்னாலயும்தான்..."

கண்ணையன் கையை விலக்கிக்கொண்டார். அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"சித்திரையிலேர்ந்து தொறந்து வச்சிருக்க. அப்பவே சொல்லியிருந்தா நான் இன்னிக்கு ஊதியிருக்க மாட்டேன். பேசிட்டு நிக்காத. மேல போயி மூடு மொதல்ல."

ஜெனிஷா படியேறினாள். பொட்டு வைத்த கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு துளைக்கும் காவலைத் திரும்பப் போட்டாள். சிவபாலனின் அறை வைஃபைக்குப் போகிற துளையின் விளக்கு அணைந்தது. அவர் அறையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.